குரல் கரகரத்து மூன்று வாரம் ஆகிவிட்டதா? தொண்டைப் புற்றுநோயின் ஆரம்ப அறிகுறிகள்: ஒரு விளக்கம்

தொண்டை கட்டிக்கொள்ளாத மனிதர் யாரும் இல்லை. மழைக்காலத்தில் ஒரு முறை, ஐஸ் தண்ணீர் குடித்து ஒரு முறை, கல்யாண வீட்டில் விடிய விடியப் பேசி ஒரு முறை என்று வருடத்துக்குச் சில நாள் எல்லோருக்கும் குரல் போகும். மிளகுப் பால், உப்புத் தண்ணீர், வாயில் ஒரு துண்டு அதிமதுரம் என்று சமாளிப்போம், சரியாகிவிடும். தொண்டைப் புற்றுநோயின் தொடக்கமும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும் என்பதில்தான் குழப்பமே. இணையத்தில் தேடினால் கிடைக்கும் அறிகுறிப் பட்டியல்களில் கரகரப்பு, தொண்டை வலி, இருமல் எல்லாம் வரிசையாக இருக்கும். படிக்கிறவருக்கு ஒன்று, தனக்கும் அதுதானோ என்ற பயம் பிடிக்கும். இல்லையென்றால், இதெல்லாம் எல்லோருக்கும் வருவதுதானே என்று விட்டுவிடத் தோன்றும்.

அறிகுறியின் பெயரை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. எத்தனை நாளாக இருக்கிறது, ஒரே பக்கமாக இருக்கிறதா, நாளாக நாளாகக் கூடுகிறதா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டால் ஓரளவு பிடிபடும். வலி எவ்வளவு என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ளவே கூடாது. சளிக்காய்ச்சலில் வரும் தொண்டை வலி உயிரை எடுக்கும், ஒரு வாரத்தில் போய்விடும். ஆரம்பக் கட்டப் புற்றோ பல பேருக்கு வலிப்பதே இல்லை. வலிக்கவில்லை என்ற அந்த நிம்மதியில்தான் பல மாதங்கள் வீணாகின்றன.

'தொண்டை' என்று எதைச் சொல்கிறோம்?

நாம் ஒரே சொல்லில் சொல்லும் தொண்டையை மருத்துவர்கள் நான்கு பகுதியாகப் பார்க்கிறார்கள்.

1. மேல்தொண்டை: மூக்குக்கு நேர் பின்னால் இருப்பது. வாயைத் திறந்து பார்த்தால் தெரியாது.
2. நடுத்தொண்டை: வாய்க்குப் பின்னால் இருப்பது. டான்சில்கள், உள்நாக்கு, நாக்கின் அடிப்பகுதி எல்லாம் இதில் சேரும்.
3. கீழ்த்தொண்டை: குரல்வளைக்குப் பின்னாலும் பக்கங்களிலும் இருந்து, உணவுக்குழாய் தொடங்கும் இடம் வரை.
4. குரல்வளை: மூச்சுக்குழாயின் வாசல். ஆண்களுக்குக் கழுத்தின் முன்பக்கம் துருத்திக்கொண்டு தெரிகிறதே, அந்த மேட்டுக்கு உள்ளே இருப்பது.

பேச்சுவழக்கில் வாய்ப் புற்று, தைராய்டு புற்று, உணவுக்குழாய்ப் புற்று எல்லாவற்றையும் 'தொண்டை கேன்சர்' என்றே சொல்லிவிடுகிறோம். அறிஞர் அண்ணா 1969 பிப்ரவரி 3ஆம் தேதி மறைந்தது உணவுக்குழாய்ப் புற்றுநோயால். அதையும் தொண்டைப் புற்று என்று சொல்கிறவர்கள் உண்டு. இந்தப் பிரிவு வெறும் பெயர் விஷயமாக இருந்தால் இங்கே இழுக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன நான்கு இடங்களிலும் பெரும்பாலும் வருவது ஒரே வகைப் புற்றுதான், உள்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் செதிள் செல்களில் தொடங்குவது. ஆனால் எந்த இடத்தில் முளைக்கிறதோ அதைப் பொறுத்து, முதலில் தெரியும் அறிகுறி முற்றிலும் மாறும். ஒருவருக்குக் குரல் போகும், இன்னொருவருக்குக் காது வலிக்கும், மூன்றாமவருக்குத் தொண்டையில் ஒரு தொந்தரவும் இல்லாமல் கழுத்தில் ஒரு கட்டி மட்டும் தட்டுப்படும். குரல் நன்றாகத்தான் இருக்கிறது, அதனால் புற்று இல்லை என்ற கணக்கு அதனால்தான் தப்பு.

குரல் மாறினால்

குரல்வளைக்குள் இரண்டு குரல்நாண்கள் இருக்கின்றன. நீளம் ஆண்களுக்கு ஏறக்குறைய 2 செ.மீ., பெண்களுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. பேசும்போது இவை ஆண் குரலில் நொடிக்கு நூறு முறைக்கு மேல், பெண் குரலில் இருநூறு முறை அளவுக்கு ஒன்றோடொன்று சேர்ந்து பிரிகின்றன. இவ்வளவு நுணுக்கமாக நடக்கும் வேலையில் நாணின் விளிம்பில் கடுகளவு ஏதாவது முளைத்தாலும் போதும், இரண்டும் சரியாகப் பொருந்தாது. காற்று கசியும், குரல் கரகரக்கும்.

இதில் ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. குரல்நாணில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு. அதனால் அங்கே வரும் புற்று சட்டென்று கழுத்துக்குப் பரவுவதில்லை, நெடுநாள் அங்கேயே இருக்கிறது. சீக்கிரம் தெரியவும் செய்கிறது, மெதுவாகப் பரவவும் செய்கிறது. முதல் கட்டத்தில் பிடிபட்டால் கதிர்வீச்சு மட்டுமோ லேசர் அறுவை மட்டுமோ போதும். பத்துக்கு ஒன்பது பேர் என்ற அளவில் குணமாகிறார்கள், பெரும்பாலும் குரலும் தங்கிவிடுகிறது. உடம்பு இவ்வளவு முன்கூட்டியே எச்சரிக்கும் புற்றுகள் அதிகம் இல்லை. அப்படிப்பட்ட ஒன்றைக் கோட்டைவிட்டு, குரல்வளையையே எடுக்க வேண்டிய கட்டத்தில் ஒருவர் வந்து நிற்பதை நினைத்தால் மனசு ஆறாது.

சளியால் கட்டிய குரல் ஒன்றிரண்டு வாரத்தில் தெளிந்துவிடும். ஆசிரியர்கள், சந்தையில் கூவி விற்பவர்கள், மேடைப் பாடகர்கள் போன்றவர்களுக்குக் குரல்நாணில் காய்ப்பு போல ஒன்று வரும். அது புற்று இல்லை. இரண்டு நாள் ஓய்வு கொடுத்தால் குரல் கொஞ்சம் தெளியும், மறுபடி கத்தினால் மறுபடி கட்டும். நெஞ்செரிச்சல்காரர்களுக்கு இரைப்பை அமிலம் மேலேறி வந்து காலையில் கரகரக்கும். புற்றால் வரும் கரகரப்பில் பொதுவாக இந்த ஏற்ற இறக்கம் இருக்காது; ஓய்வு கொடுத்தாலும் தெளியாமல், வாரத்துக்கு வாரம் கொஞ்சம் மோசமாகும். ஆனாலும் இதை வைத்து வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. அந்த ஆசிரியருக்கும் சந்தைக்காரருக்கும் புற்று வராது என்று எந்தச் சட்டமும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இடது குரல்நாணை அசைக்கும் நரம்பு நேராகக் கழுத்தில் இறங்கி முடிவதில்லை. நெஞ்சுக்குள் போய், இதயத்திலிருந்து வரும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறி வருகிறது. நுரையீரலில் வரும் கட்டி அந்த நரம்பை அழுத்தினாலும் குரல்தான் மாறும். மாறாத கரகரப்புக்கு நெஞ்சையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஜெர்மன் இளவரசரின் கதை

1887 ஜனவரியில் ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் ஃபிரெடரிக்குக்குக் குரல் கரகரத்தது. சளி என்றார்கள். வசந்தகாலம் வரை சரியாகவில்லை. இடது குரல்நாணில் சிறு முளை ஒன்று தெரிந்தது. மருத்துவர் கெர்ஹார்ட் அதைக் கம்பியைக் காய்ச்சிச் சுட்டுப் பார்த்தார், திரும்ப வளர்ந்தது. மே மாதம் அறுவை மருத்துவர் பெர்க்மான், இது புற்று, கழுத்தைத் திறந்து எடுத்துவிடலாம் என்றார். அதற்குள் லண்டனிலிருந்து அழைக்கப்பட்ட பிரபல தொண்டை மருத்துவர் மோரெல் மெக்கென்சி வந்தார். முதலில் ஒரு துண்டு எடுத்துச் சோதிப்போம் என்றார். சோதித்தவர் நோய்க்கூறு இயலின் தந்தை என்று போற்றப்படும் ருடால்ஃப் ஃபிர்கோ. அவர் பார்த்த துண்டில் புற்று தெரியவில்லை. அறுவை நின்றது. அந்த நவம்பரில் இத்தாலியின் சான் ரெமோவில் இருந்தபோது, புற்று என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லாமல் போயிற்று. 1888 பிப்ரவரியில் மூச்சு விடக் கழுத்தில் துளை போட வேண்டி வந்தது. மார்ச் 9ஆம் தேதி அவர் பேரரசரானபோது பேச்சு போயிருந்தது. எழுதிக் காட்டித்தான் ஆட்சி நடத்தினார். 99 நாளில், ஜூன் 15ஆம் தேதி இறந்துபோனார்.

ஃபிர்கோ போன்ற ஒருவர் பார்த்தும் எப்படித் தவறியது என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

விழுங்கும்போது

கீழ்த்தொண்டையில் வரும் புற்று குரலைத் தொடுவதற்கு வெகுநாள் ஆகும். அங்கே முதலில் மாட்டிக்கொள்வது சாப்பாடு. இதில் நோயாளியே கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது என்று யாரும் எடுத்த எடுப்பில் சொல்வதில்லை. சாப்பிடும் முறையை மாற்றிக்கொள்கிறார்கள். தட்டைக் கவனித்தால் தெரியும். சப்பாத்தி வேண்டாம் என்பார். தோசையைச் சாம்பாரில் ஊறவைத்துச் சாப்பிடுவார். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிப்பார். அப்புறம் சோற்றைக் குழைத்து ரசம் ஊற்றிக்கொள்வார், கடைசியில் கஞ்சி போதும் என்பார். வீட்டில் இருப்பவர்கள் வயசாகிறது, பல் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டு மாதத்தில் சட்டை தொளதொளக்கும். முதலில் கெட்டியான உணவு, பிறகு மென்மையானது, பிறகு திரவம் என்று படிப்படியாகப் போகும் இந்த வரிசை முக்கியமான துப்பு.

இதற்கு நேர்மாறாக ஒன்று உண்டு. தொண்டையில் உருண்டை மாதிரி ஏதோ அடைத்திருக்கிறது, எச்சில் விழுங்கும்போது உறுத்துகிறது, ஆனால் சாப்பாடு தாராளமாக இறங்குகிறது, சாப்பிடும்போது அந்த உணர்வே மறைந்துவிடுகிறது என்றால் பெரும்பாலும் அது மனப் பதற்றத்தாலோ அமிலத்தாலோ வருவது. பயந்து வருகிறவர்களில் நிறையப் பேர் இந்த வகைதான். அவர்களும் ஒருமுறை காட்டிவிட்டால் நிம்மதியாக இருக்கலாம்.

நடுத்தொண்டையில் வந்தால் விழுங்கும்போது ஒரே பக்கமாகச் சுருக்கென்று குத்தலாம். அமெரிக்காவின் முன்னாள் அதிபர் யுலிசீஸ் கிராண்ட் 1884 ஜூனில் ஒரு பீச் பழத்தைக் கடித்து விழுங்கியபோது தொண்டையில் ஏதோ கொட்டியது போல வலித்தது. தொண்டை மருத்துவரிடம் அவர் போய்ச் சேர்ந்தது அக்டோபரில். அடுத்த ஆண்டு ஜூலை 23ஆம் தேதி இறந்தார். அதே 1885இல் கல்கத்தாவில் ராமகிருஷ்ண பரமஹம்சருக்குத் தொண்டை வலி வந்தபோது, ஓயாமல் பேசுகிறவர்களுக்கு வரும் புண் என்றே முதலில் நினைத்தார்கள்; 1886 ஆகஸ்ட் 16ஆம் தேதி அவர் மறைந்தார். அன்றைக்கு முன்னாலேயே தெரிந்திருந்தாலும் பெரிதாகச் செய்ய ஒன்றும் இருந்திருக்காது. இன்றைக்கு நிலைமை அப்படி இல்லை.

காது வலிக்கிறது, காதில் ஒன்றுமில்லை

தொண்டைக்கும் குரல்வளைக்கும் போகும் நரம்புகளின் கிளைகள் காதுக்கும் போகின்றன. மூளைக்கு வலி எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாததால், தொண்டையில் இருக்கும் புண் காது வலியாகத் தெரியும். நடு வயது தாண்டியவருக்கு, முக்கியமாகப் புகையிலைப் பழக்கம் உள்ளவருக்கு, ஒரே காதில் விடாமல் வலி இருந்து, காதைப் பார்த்தால் சுத்தமாக இருக்கிறது என்றால், அடுத்துப் பார்க்க வேண்டிய இடம் தொண்டை. சொட்டு மருந்தை மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தால் நாள்தான் போகும்.

கழுத்தில் கட்டி

சளி பிடித்தால் தாடைக்குக் கீழே நெறி கட்டுவது சகஜம். தொட்டால் வலிக்கும், சளி போனதும் வற்றிவிடும். புற்று பரவி வரும் கட்டி வேறு மாதிரி: கெட்டியாக இருக்கும், பெரும்பாலும் வலிக்காது, வற்றாது, மெல்ல வளரும். ஷேவ் செய்யும்போதோ கழுத்துச் சங்கிலியைச் சரி செய்யும்போதோ தற்செயலாகக் கையில் தட்டுப்படும். நம் ஊரில் காசநோயும் இப்படிக் கழுத்தில் கட்டியாக வரும். அதனால் கட்டி என்றாலே புற்று என்று பதறவும் வேண்டாம், டிபியாகத்தான் இருக்கும் என்று சோதிக்காமல் மருந்தைத் தொடங்கவும் வேண்டாம். ஊசியால் துளி உறிஞ்சிப் பார்த்தால் பல நேரம் தெரிந்துவிடும்.

டான்சிலிலும் நாக்கின் அடியிலும் வரும் ஒரு வகைப் புற்று எச்பிவி வைரஸால் வருகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான அதே வைரஸ் குடும்பம். இந்த வகையில் பலருக்கும் முதல் அறிகுறியே வலியில்லாத கழுத்துக் கட்டிதான். அவர்கள் புகைபிடிக்காதவர்களாகவும் இருப்பார்கள். அமெரிக்காவில் நடுத்தொண்டைப் புற்றுகளில் 70 சதவீதம் அளவுக்கு இந்த வைரஸால் வருபவை. இந்தியாவில் அந்தப் பங்கு குறைவு, இங்கே இன்னும் புகையிலைதான் முதல் காரணம்.

மேல்தொண்டைப் புற்று தென்னிந்தியாவில் அரிது; தென் சீனாவிலும் நம் நாட்டில் நாகாலாந்து போன்ற வடகிழக்கு மாநிலங்களிலும் அதிகம். பெரியவர்களுக்கு ஒரு பக்கக் காது மட்டும் அடைத்தே இருப்பது, ஒரு பக்க மூக்கில் அடிக்கடி ரத்தம் வருவது, கூடவே கழுத்தில் கட்டி என்றால் அங்கே பார்க்க வேண்டும்.

யாருக்கு அதிகம் வருகிறது?

பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மதுவும் தனியாகவே ஒரு காரணம். ஆனால் இரண்டும் சேரும்போது அபாயம் கூட்டல் கணக்கில் ஏறாமல் பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. வாயிலும் தொண்டையிலும் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப இரண்டும் அரிக்கின்றன. பாக்கு பற்றிப் பலருக்கும் தெரியாத ஒன்று: புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியான காரணிகள் பட்டியலில் சேர்த்திருக்கிறது. விருந்துக்குப் பின் எப்போதாவது ஒரு தாம்பூலத்தைப் பற்றிச் சொல்லவில்லை. நாள் முழுக்கக் கன்னத்தில் அடக்கிவைத்திருக்கும் பாக்கைச் சொல்கிறேன்.

எந்தப் பழக்கமும் இல்லாத பெண்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. நெடுங்காலமாக இரும்புச் சத்துக் குறைவால் ரத்தசோகை இருப்பவர்களில் சிலருக்குக் கீழ்த்தொண்டையின் உட்சுவர் மெலிந்து, விழுங்குவது கஷ்டமாகி, பல ஆண்டு கழித்து அங்கே புற்று வரலாம். வெளிறிய முகமும் விழுங்கச் சிரமமும் சேர்ந்து வந்தால், இரும்பு மாத்திரை கொடுத்ததோடு நிற்காமல் தொண்டையையும் பார்க்க வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் போவது?

மூன்று வாரம் என்பதை எல்லையாக வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் சங்கம் முன்பு கரகரப்புக்கு மூன்று மாதம் வரை பார்க்கலாம் என்று சொல்லியிருந்தது. 2018இல் அதை நான்கு வாரமாகக் குறைத்துவிட்டது. பிரிட்டனில் 45 வயதுக்கு மேற்பட்டவருக்குக் காரணம் தெரியாத தொடர் கரகரப்போ கழுத்துக் கட்டியோ இருந்தால், புற்று சந்தேகம் என்ற அவசரப் பாதையில் அனுப்பச் சொல்கிறார்கள்.

1. உடனே, அன்றைக்கே: மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி சத்தம், மூச்சுத் திணறல், எச்சிலைக்கூட விழுங்க முடியாமை, வாயிலிருந்து தாராளமாக ரத்தம். இது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய விஷயம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.
2. ஒரு வாரத்துக்குள்: எச்சிலில் ரத்தக் கீற்று, விழுங்குவது படிப்படியாகக் கடினமாவது, காரணமில்லாமல் எடை குறைவது, வளர்ந்துகொண்டே போகும் கழுத்துக் கட்டி.
3. மூன்று வாரம் தாண்டினால்: கரகரப்பு, ஒரு பக்கத் தொண்டை வலி, ஒரு பக்கக் காது வலி, வற்றாத நெறிகட்டு, வாயிலோ தொண்டையிலோ வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை முழுக்கத் திறக்க முடியாமை.

இந்த நாட்களில் கஷாயம் குடிப்பதில் தவறில்லை, தொண்டைக்கு இதமாக இருக்கும். மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் ஒரு கோர்ஸ், அது முடிந்ததும் இன்னொன்று என்று போவதுதான் ஆபத்து. நடுவில் வீக்கம் கொஞ்சம் வடிந்து இரண்டு நாள் தேவலை என்று தோன்றும், கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். கரகரப்பு தொடங்கிய தேதியைக் காலண்டரில் குறித்துவைப்பது நல்ல பழக்கம்.

பரிசோதனை அறையில் என்ன நடக்கும்?

போக வேண்டிய இடம் ஈஎன்டி, அதாவது காது மூக்கு தொண்டைப் பிரிவு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. பயந்தபடி அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. மரத்துப்போகும் மருந்தை மூக்கில் அடிப்பார்கள். கசப்பாகத் தொண்டைக்கு இறங்கும், சில நிமிடம் எச்சில் விழுங்குவது தெரியாமல் போகும். நூடுல்ஸை விடக் கொஞ்சம் தடிமனான, நுனியில் கேமரா உள்ள வளையும் குழாயை மூக்கு வழியாக இறக்குவார்கள். 'ஈ' என்று சொல்லச் சொல்வார்கள்; குரல்நாண்கள் இரண்டும் மூடுவது திரையில் தெரியும். மூச்சு இழுத்தால் திறக்கும். ஒரு பக்கம் அசையாமல் நின்றால் அங்கேயே தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை. உணர்ச்சி திரும்பும்வரை, அரை மணி அல்லது ஒரு மணி நேரம், எதுவும் சாப்பிடக் கூடாது, புரையேறும். வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று சொல்வது இந்தப் பரிசோதனைக்கு ஈடாகாது. டார்ச் வெளிச்சம் குரல்நாண் வரை போகாது.

சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் சிடி அல்லது எம்ஆர்ஐ எடுத்து, துளி திசு எடுத்துச் சோதிப்பார்கள். பயாப்ஸி என்றதும் வீட்டில் ஒருவராவது, கத்தி பட்டால் பரவிவிடும் என்பார். முறையாக எடுக்கப்படும் திசுச் சோதனையால் தொண்டைப் புற்று பரவுவதில்லை. அது இல்லாமல் என்ன வகை என்று தெரியாது, சிகிச்சையும் தொடங்க முடியாது. அந்தப் பயத்தில் தள்ளிப்போடும் இரண்டு மூன்று மாதத்தில் புற்று தானாகவே பரவும்.

இப்போது ஃபிர்கோவுக்கு வருவோம். அவர் பொய் சொல்லவில்லை, தன் கைக்கு வந்த துண்டைப் பற்றித்தான் சொன்னார். குரல்நாணின் மேற்பரப்பிலிருந்து மட்டும் சிறிதாகக் கிள்ளி எடுத்தால், அடியில் இருக்கும் புற்று அதில் வராமலே போகலாம். இன்றைக்கும் இது நடக்கும். அதனால் ரிப்போர்ட்டில் புற்று இல்லை என்று வந்தும் குரல் அப்படியே இருக்கிறது, கட்டி அப்படியே இருக்கிறது என்றால், அடுத்த மூன்று நான்கு வாரத்தில் அதே மருத்துவரிடம் ரிப்போர்ட்டோடு திரும்பப் போய், மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று நேராகக் கேளுங்கள். தேவையென்றால் மயக்க மருந்து கொடுத்து ஆழமாக எடுப்பார்கள். மறு பரிசோதனைக்கு என்றைக்கு வர வேண்டும் என்ற தேதியைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.